சேர்ந்து செய்த கொலைக்குப் பிறகு காதல் ஏன் தங்குவதில்லை? (ஜேம்ஸ் எம். கெய்ன் நாவல்கள்)

இரவுவாசகி:

நண்பர்களுக்கு வணக்கம். ஜேம்ஸ் எம். கெய்னின் 'தி போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் ட்வைஸ்' (1934), 'டபுள் இண்டெம்னிட்டி' (1936இல் தொடர்கதை, 1943இல் நூல்) இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தேன். அதைப் பற்றிப் பேச ஆள் தேடி இங்கே வந்திருக்கிறேன். முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் பிறகு வாருங்கள்.

இரண்டு கதைக்கும் அடிப்படை ஒன்றுதான். கல்யாணமான ஒரு பெண், அவளிடம் மயங்கும் ஒருவன், இடையில் ஒரு கணவன், அவன் செத்தால் வரும் காப்பீட்டுப் பணம். 'ஆசைப்பட்டார்கள், அழிந்தார்கள்' என்று இவற்றைச் சுருக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 'போஸ்ட்மேன்' ஜோடியான ஃபிராங்கும் கோராவும் ஆசையால் அழியவில்லை. தான் செய்ததைப் பார்த்த ஒரே சாட்சி தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறது, அந்தச் சாட்சியைத்தான் தான் காதலிக்கவும் செய்கிறோம். அந்த நிலைமைதான் அவர்களைத் தின்கிறது.

'போஸ்ட்மேன்' நாவலில் கொலை பாதிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. கலிஃபோர்னியாவில் சாலையோரச் சாப்பாட்டுக்கடை நடத்தும் கிரேக்கர் நிக், அவருடைய மனைவி கோரா, எங்கிருந்தோ வந்து அங்கே வேலைக்குச் சேரும் ஃபிராங்க். காரோடு நிக்கை மலைச்சரிவில் உருட்டி விபத்தாகக் காட்டுகிறார்கள். ஃபிராங்குக்கும் உண்மையிலேயே பலத்த அடி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவனிடம் அரசு வழக்கறிஞர் சாக்கெட் வந்து பேசுகிறார்: அவள் உன்னையும் சேர்த்துத்தான் கொல்லப் பார்த்தாள், அவள்மேல் புகார் எழுதிக்கொடு. ஃபிராங்க் கையெழுத்துப் போடுகிறான். இத்தனைக்கும் அவளுக்காக ஒருவனைக் கொன்ற சூடுகூட ஆறவில்லை. அது தெரிந்ததும் கோரா, உண்மை முழுவதையும் சொல்லி அவனையும் மாட்டிவிடுகிறாள்.

துரோகம் என்றால் இன்னொருத்தியைத் தேடிப் போவது என்றுதான் நினைக்கிறோம். அதுவும் பின்னால் நாவலில் வருகிறது. ஆனால் அந்தக் கட்டிலில் போட்ட கையெழுத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. குற்றவுணர்வு இறந்துபோன நிக்கைப் பார்த்து வருவதே இல்லை, பக்கத்தில் படுத்திருப்பவரைப் பார்த்த பயமாகத்தான் வருகிறது. உங்களுக்கும் அப்படித் தோன்றியதா?

சாட்சிக்கூண்டு:

நல்ல தொடக்கம். நான் குற்றவியல் வழக்கறிஞர், எனவே இந்த நாவல்களுக்குப் பின்னால் இருக்கும் உண்மை வழக்கிலிருந்து வருகிறேன்.

1927 மார்ச் 20, அதிகாலை. நியூயார்க்கின் குயின்ஸ் வில்லேஜ் பகுதி. ஆல்பர்ட் ஸ்னைடர் என்ற பத்திரிகைக் கலை ஆசிரியர் தன் படுக்கையிலேயே கொல்லப்பட்டார். ஜன்னல் சட்டத்துக்குள் தொங்கும் இரும்புக் குண்டு, குளோரோஃபார்ம், படம் மாட்டும் கம்பி என மூன்றையும் பயன்படுத்தியிருந்தார்கள். மனைவி ரூத், கொள்ளைக்காரர்கள் வந்ததாகச் சொன்னார். 'திருடுபோன' நகை மெத்தைக்கு அடியிலேயே அகப்பட்டது. காதலர் ஜட் கிரே, பெண்களுக்கான கார்செட் உள்ளாடை விற்பனையாளர். கணவருக்கே சரியாகத் தெரியாமல் அவர் பெயரில் எடுத்த பாலிசியில், விபத்து மரணத்துக்கு இரட்டிப்புத் தொகை தரும் பிரிவும் இருந்தது.

பிடிபட்டதும் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். எப்படி ஒப்புக்கொண்டார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். அவர் சொன்னார், அவள் என்னை ஆட்டிவைத்தாள் என்று. அவள் சொன்னாள், நான் தடுத்தேன், அவன்தான் அடித்தான் என்று. கூட்டாக விசாரிக்கப்பட்ட அந்த வழக்கில், அரசுத் தரப்பிடமிருந்து இருவரும் தப்ப வேண்டியிருந்ததைவிட அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் தப்ப வேண்டியிருந்தது. 1928 ஜனவரி 12 இரவு, சிங் சிங் சிறையின் மின்நாற்காலியில் இருவருக்கும் தண்டனை நிறைவேறியது. கணுக்காலில் கேமராவைக் கட்டிக்கொண்டு உள்ளே போன ஒரு பத்திரிகையாளர் ரூத்தின் கடைசி நொடியைப் படம் எடுத்தார், மறுநாள் 'டெய்லி நியூஸ்' முதல் பக்கத்தில் அது வந்தது.

கெய்ன் அந்தக் காலத்தில் நியூயார்க்கில் பத்திரிகையாளர். கொலை ஒரு காதல் கதையாகவும் இருக்க முடியும், ஆனால் அந்தப் பயங்கர ரகசியத்தைப் பகிர்ந்துகொண்ட இருவர் ஒரே பூமியில் வாழ முடியாது, ரூத்தும் ஜட்டும் திரும்பியதுபோல ஒருவர்மேல் ஒருவர் திரும்புவார்கள் என்று 'போஸ்ட்மேன்' பிறந்த கதையைப் பற்றிப் பின்னாளில் அவரே எழுதினார். நீங்கள் சொல்வதும் அதுதான்.

என் தொழில் அனுபவத்திலும் இது தினசரி விஷயம். இரண்டு குற்றவாளிகள், இரண்டு வக்கீல்கள் என்றாகிவிட்டால், ஒருவருக்கு நல்ல வாதம் எதுவோ அது மற்றவருக்குத் தூக்குக்கயிறு. அப்ரூவர் ஆக்குவது என்று நம் நீதிமன்றங்களில் சொல்கிறோமே, சாக்கெட் ஆஸ்பத்திரியில் செய்ததும் அதற்கு நெருங்கிய வேலைதான். யார் முதலில் பேசுகிறாரோ அவருக்கு உயிர்.

பாலிசிக்காரர்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் ஆயுள் காப்பீட்டு முகவரா இருந்து ஓய்வு பெற்றவன். 'டபுள் இண்டெம்னிட்டி' படிச்சப்போ எனக்குத் தூக்கம் வரலை. காரணம் காதல் இல்லீங்க, வால்டர் ஹஃப்.

அவன் எங்க ஆளு. பாலிசி விக்கிறவன். ஃபிலிஸ் முதல்தடவை விபத்துப் பாலிசி பத்தி, வீட்டுக்காரருக்குத் தெரியாம எடுக்கலாமான்னு சுத்திவளைச்சுக் கேக்கும்போதே அவனுக்குப் புரிஞ்சுபோச்சு. எந்த முகவருக்கும் புரியும். அந்த இடத்திலேயே எழுந்து போயிருக்கணும். வெளியே வரவும் செய்றான், ஆனா மனசு போகலை. ஏன்னா அந்த எண்ணம் அவனுக்குள்ள பல வருஷமா இருந்திருக்கு. காப்பீட்டுத் தொழிலை அவன் சூதாட்டச் சக்கரமாப் பாக்கிறான். சக்கரத்தைச் சுத்தறவன் அவன், யார் யார் எப்படி ஏமாத்துவாங்கன்னு காவல் காத்துக் காத்து, கடைசியில நாமே ஏமாத்தினா எப்படி இருக்கும்னு அவனுக்குத் தோணிடுது. பொண்ணு சாக்குத்தான்.

கெய்ன் இந்தக் கருவை எடுத்த இடம் தெரியுமா? 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில அவர்கூட இருந்த ஆர்தர் க்ராக் சொன்ன சம்பவம். க்ராக் முன்னே வேலை பாத்த லூயிவில் பத்திரிகையில ஒரு பெண்கள் உள்ளாடை விளம்பரம் அச்சில் ஆபாசமான பிழையோட வந்துடுச்சு. அச்சுக்கோத்தவரைக் கூப்பிட்டுத் துருவித் துருவிக் கேட்டா, அவர் கடைசியில சொன்னாராம்: வாழ்நாள் பூரா இந்த மாதிரி ஒண்ணு நடந்துடக்கூடாதுன்னு காத்துக்கிட்டே இருக்கோம், ஒருநாள் பாத்தா அதைச் செய்ய எப்போ சந்தர்ப்பம் வரும்னு நாமளே காத்துக்கிட்டு இருக்கோம்னு.

அதனால தங்கச்சி இரவுவாசகி சொல்ற துரோகத்துக்கு முன்னாடி இன்னொண்ணு இருக்குன்னு நினைக்கிறேன். ஹஃப் முதல்ல துரோகம் பண்றது தன் நாற்காலிக்கு. ஃபிலிஸ் அதுக்கு அப்புறம்தான்.

செல்லுலாய்ட்:

ஐயா சொன்னதை அப்படியே பிடிச்சுக்கிறேன். பில்லி வைல்டர் 1944ல எடுத்த படம் முழுக்க அந்த நாற்காலித் துரோகம்தான். ரேமண்ட் சாண்ட்லர்கூட உட்கார்ந்து திரைக்கதை எழுதினார். படத்துல ஹஃப் பேரு நெஃப் ஆயிடுது. தோட்டாக் காயத்தோட ராத்திரி ஆபீசுக்கு வந்து டிக்டாஃபோன்ங்கிற குரல் பதிவு மெஷின்ல வாக்குமூலம் பேசுறான். யாருக்கு? போலீசுக்கு இல்ல, ஃபிலிஸுக்கு இல்ல, கிளெய்ம் மேனேஜர் கீஸுக்கு. நடிச்சது எட்வர்ட் ஜி. ராபின்சன். படம் பூரா கீஸோட சுருட்டுக்கு நெஃப்தான் தீக்குச்சி உரசிக் கொடுப்பான். கடைசியில நெஃப் சிகரெட்டுக்குக் கீஸ் கொளுத்திவிடுவார். தன்னை நம்பின ஒரே மனுஷனை ஏமாத்திட்டோம்ங்கிற வலி அந்தச் சின்னச் செய்கையில இருக்கு. அவன் ஃபிலிஸைச் சுட்டதுகூட என்னை அவ்வளவு பாதிக்கலை.

விஷவாயு அறையில நெஃப் சாகிற காட்சியையும் வைல்டர் படமாக்கி வெச்சிருந்தார். அப்புறம் வெட்டிட்டார். சரியான முடிவு. கதை கீஸ் கொளுத்தின தீக்குச்சியோடயே முடிஞ்சுபோச்சு.

இன்னொரு விஷயம். 1935லேயே ஸ்டூடியோக்கள் இந்தக் கதையைக் கேட்டாங்க, தணிக்கை விதிகளை அமல்படுத்தின ஜோசப் பிரீன் வேண்டாம்னு கடிதம் எழுதிட்டார். கள்ளக்காதல், கொலை, அதை இவ்வளவு நுணுக்கமா சொல்லிக்கொடுக்கிறது, எதுவும் ஆகாதுன்னு. அதனால படத்துல எல்லாருக்கும் தண்டனை கட்டாயம். நாவல்ல கீஸ் அவங்க ரெண்டு பேரையும் ஒரே கப்பல்ல ஏத்தி அனுப்பிடறார், அங்கே ஃபிலிஸும் ஹஃபும் சேர்ந்தே கடல்ல குதிக்கத் தயாராகிறாங்க, சுறா பின்னாலயே வருது. தணிக்கைக்குப் பயந்த படம் மனுஷத்தனமா முடியுது, யாருக்கும் பயப்படாத நாவல் பேய்க்கதை மாதிரி முடியுது.

நூலகத்தோழி:

எல்லாரும் ஆண்களின் வலியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த வகை எழுத்தை நான் நேசிக்கிறேன், அதனாலேயே இதைக் கேட்கிறேன்: கதையைச் சொல்வது யார்? 'போஸ்ட்மேன்' ஃபிராங்க் சொல்வது, மரணதண்டனைக்குக் காத்திருக்கும் அறையிலிருந்து. 'டபுள் இண்டெம்னிட்டி' ஹஃப் எழுதி வைக்கும் வாக்குமூலம். அவன் மயங்கினான், அவள் மயக்கினாள் என்று சொல்லும் வாய் குற்றவாளியின் வாய். ஜட் கிரே நீதிமன்றத்தில் சொன்னதும் இதைத்தானே? சாட்சிக்கூண்டு ஐயா இப்போதுதான் எழுதினார்.

நாவலில் ஃபிலிஸ் முன்னாள் நர்ஸ். குழந்தைகளைக்கூடக் கொன்றவள் என்று பின்பாதியில் தெரியவருகிறது. அங்கே கெய்ன்மேல் எனக்குக் கோபம் வந்தது. அதுவரை ஒரு விற்பனையாளனும் ஒரு வீட்டுப் பெண்ணும் சேர்ந்து செய்த அழுக்கான காரியம். அவளைப் பிசாசாக்கிய உடனே ஹஃப் பாதிக் குற்றத்திலிருந்து நழுவிவிடுகிறான். கோராவை அவர் அப்படிக் கைவிடவில்லை. அயோவாவில் அழகுப் போட்டியில் ஜெயித்து, சினிமாக் கனவோடு லாஸ் ஏஞ்சலஸ் வந்து, எச்சில் தட்டு எடுக்கும் வேலையில் முடங்கிப்போன பெண் அவள். ஊர் ஊராகச் சுற்ற அவளுக்கு விருப்பமில்லை. கடையைப் பெரிதாக்க வேண்டும், ஆளாக வேண்டும். ஃபிராங்கின் ஆசை உடம்போடு நின்றுவிடுகிறது, கோராவின் ஆசைக்கு முதலீடு, கணக்கு, எதிர்காலம் எல்லாம் உண்டு. அதனால்தான் 'போஸ்ட்மேன்' இரண்டில் பெரிய நாவல்.

இந்தப் பேச்சில் டாரதி பி. ஹியூஸ் வராமல் போகக்கூடாது. அவருடைய 'இன் எ லோன்லி பிளேஸ்' 1947இல் வந்தது. போரிலிருந்து திரும்பிய விமானி டிக்ஸ் ஸ்டீல், லாஸ் ஏஞ்சலஸ் இரவுகளில் பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். நாம் அவன் மனதுக்குள்ளேயே இருக்கிறோம். அவனைப் பொறுத்தவரை உலகத்துப் பெண்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரிகள். போலீஸ்காரனான பழைய நண்பன் புரப் இவனோடு உட்கார்ந்து குடிக்கிறான், எதையும் காணவில்லை. புரப்பின் மனைவி சில்வியாவும், டிக்ஸ் காதலிக்கும் லாரலும் கண்டுகொள்கிறார்கள். மயக்கி அழிக்கும் பெண் என்ற கற்பனை எந்த மாதிரி ஆணின் மண்டைக்குள் பிறக்கிறது என்று அந்தப் பெண் எழுத்தாளர் உள்ளே போய்க் காட்டிவிட்டார்.

செல்லுலாய்ட்:

அக்கா, 1950ல வந்த படத்துல ஹம்ஃப்ரி போகார்ட் கொலையே பண்ணியிருக்க மாட்டார். சந்தேகம்தான் காதலைக் கொல்லும். அதுவும் இந்த இழையோட கேள்விக்கு நெருக்கமா இருக்கே?

நூலகத்தோழி:

படமாக நல்ல படம், தம்பி. ஆனால் ஹியூஸின் துணிச்சல் அதில் இல்லை. நாயகனை நிரபராதி ஆக்கியதும், அவனைப் பார்த்துப் பயந்த பெண்ணின் பயம் ஒரு தவறான புரிதலாகக் குறைந்துவிடுகிறது. நாவலில் அந்தப் பயம்தான் அறிவு.

கரிசல்மண்:

கெய்னுக்கு அறுபத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே, 1867இல் பிரெஞ்சு எழுத்தாளர் எமிலி ஸோலாவின் 'தெரேஸ் ராகான்' வந்துவிட்டது. மனைவியும் காதலனும் சேர்ந்து நோயாளிக் கணவனைப் படகிலிருந்து தள்ளி ஆற்றில் மூழ்கடிக்கிறார்கள். பிறகு கல்யாணம் செய்துகொள்கிறார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் தொட முடியவில்லை. படுக்கையில் நடுவே பிணம் கிடப்பதாகவே உணர்கிறார்கள். மகனைக் கொன்றது யாரென்று தெரிந்துகொண்ட தாய், பக்கவாதத்தில் பேச்சற்று, நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருக்கிறாள். முடிவில் தெரேஸும் லொரானும் ஒரே சமயத்தில் ஒருவரை ஒருவர் கொல்லத் தயாராகி, அதைக் கண்டுகொண்டு, ஒரே கோப்பை விஷத்தைப் பகிர்ந்து குடிக்கிறார்கள்.

ஸோலாவிடம் இறந்தவன் போகவே இல்லை. கெய்னிடம் அவன் உடனே போய்விடுகிறான். நிக்கைப் பற்றி ஃபிராங்க் எத்தனை தடவை நினைக்கிறான், சொல்லுங்கள். பிணத்துக்கு இருந்த இடத்தை அமெரிக்க நாவலில் பணமும் வக்கீலும் பிடித்துக்கொள்கிறார்கள். கோராவை விடுவிப்பது நீதியும் அல்ல, மனசாட்சியும் அல்ல. கட்ஸ் என்ற வக்கீல் காப்பீட்டு நிறுவனங்களை ஒன்றோடொன்று மோதவிடுகிறார். கொலை என்று தீர்ப்பானால் ஒரு நிறுவனத்துக்கு லாபம், மற்றவற்றுக்குப் பெரிய நஷ்டம். அவர்கள் கணக்குப் பார்த்துப் பேசி முடித்ததும், கொலை என்று சத்தியம் செய்ய வந்தவரே விபத்து என்று சொல்லிவிடுகிறார். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் இதைப் படித்தவர்கள் எவ்வளவு கசப்போடு தலையாட்டியிருப்பார்கள்! ஒரு மனிதன் செத்ததன் விலையை முடிவு செய்ய ஒரு மேசை போதுமாக இருந்திருக்கிறது.

இரவுவாசகி:

கரிசல்மண் சொல்வதில் எனக்குப் பெரிய திறப்பு இருக்கிறது. ஸோலாவில் மூன்றாவது ஆள் பிணம். கெய்னில் மூன்றாவது ஆள் ஒரு காகிதம். கோரா சொன்ன வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தவன் பிறகு அதை வைத்துப் பணம் கேட்டு மிரட்ட வருகிறான். அவனை அடித்துப் பிடுங்கி அழித்துவிடலாம், செய்கிறார்கள். ஆனால் கோராவின் தலைக்குள் இருக்கும் நகலை ஃபிராங்க் எப்படி அழிப்பான்?

நூலகத்தோழி அவர்களுக்கு: சொல்பவன் குற்றவாளி என்பதை நான் முழுக்க ஏற்கிறேன், ஃபிலிஸைப் பற்றியும் உங்களோடுதான் நிற்கிறேன். ஆனால் ஃபிராங்க் கோராவைப் பழிக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மரண அறையில் உட்கார்ந்து அவன் எழுதும் கடைசிப் பக்கங்களில், அவள் என்னை மாட்டிவிட்டாள் என்று ஒரு வரி இல்லை.

நெடுஞ்சாலை:

எழுத்தாளர் பாட்ரிசியா ஹைஸ்மித்தை விட்டுட்டீங்களே! 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெயின்' (1950). ரயிலில் கை (Guy) என்பவனும் புரூனோவும் சந்திக்கிறார்கள், ஆளுக்கொரு கொலையை மாற்றிக்கொள்ளலாம் என்கிறான் புரூனோ. 1951இல் ஹிட்ச்காக் எடுத்த படத்தில் கை நல்லவன், கொல்வதில்லை. நாவலில் கை புரூனோவின் அப்பாவைக் கொன்றேவிடுகிறான். அங்கே காதலர்கள் இல்லை, இரண்டு ஆண்கள். ஆனால் நீங்கள் சொல்லும் அதே கட்டு. புரூனோவை வெறுக்கிறான், அவன் இல்லாமலும் இருக்க முடியவில்லை. அவன் கடலில் விழும்போது காப்பாற்றப் பின்னாலேயே குதிக்கிறான்.

எனக்கு மறக்கவே முடியாதது முடிவுதான். குற்றவுணர்வு தாங்காமல், கொல்லப்பட்ட முதல் மனைவியின் காதலனைத் தேடிப்போய் கை எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். தண்டிக்க உரிமையுள்ள ஒரே ஆள் இவன்தான் என்று நம்பிப் போகிறான். அவனோ பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தது துப்பறிவாளர், தொலைபேசி வழியாக. குற்றவுணர்வைச் சுமந்துகொண்டு போனவனுக்கு அதை இறக்கிவைக்க இடமே கிடைக்காத கொடுமையை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் படித்ததில்லை.

பாலிசிக்காரர்:

வக்கீல் ஐயாவுக்கு ஒரு கேள்விங்க. ஃபிராங்க் செஞ்ச கொலைக்குத் தப்பிச்சான். கோரா செத்தது நிஜமாவே விபத்துல, ஆனா அதுக்கு அவனுக்கு மரணதண்டனை. அது எப்படிங்க நிரூபணம் ஆச்சு? எங்க தொழில்ல பாத்தா அது சுத்தமான விபத்துக் கிளெய்ம்.

சாட்சிக்கூண்டு:

சாக்கெட் இம்முறை முழுக் கதையையும் கட்டிவிடுகிறார், ஐயா. முதல் கொலையில் கிடைத்த காப்பீட்டுப் பணம் கோராவிடம். அவளைக் கல்யாணம் செய்துகொண்டது அந்தப் பணத்துக்காக. அவளைத் தீர்த்தால் பணமும் அவனுக்கு, சாட்சியும் இல்லை. பழைய கொலையையே புதிய கொலைக்கு நோக்கமாக நடுவர்கள் (ஜூரி) முன் வைக்கிறார். அன்று ஒரு விபத்தை நாடகமாக்கியவன் இன்று 'விபத்து' என்று சொன்னால் யார் நம்புவார்? போதாததற்கு, ஃபிராங்க் வேறொரு பெண்ணோடு மெக்ஸிகோ பக்கம் போய்வந்ததும் அம்பலமாகிறது. கர்ப்பிணி மனைவியை ஆஸ்பத்திரிக்கு வேகமாக ஓட்டிப்போனான் என்பது அவனுக்கும் நமக்கும் மட்டுமே தெரிந்த உண்மை. சட்டப்படி பலவீனமான வழக்கு. நடுவர்களின் கண்ணில் பலமான வழக்கு.

இரவுவாசகி:

அந்த விபத்துக்குச் சற்று முன்புதான் இருவரும் கடலில் நீந்தப் போகிறார்கள். கோரா வேண்டுமென்றே வெகுதூரம் நீந்திப் போய்க் களைத்துவிடுகிறாள். நீ நினைத்தால் என்னை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம், யாருக்கும் தெரியாது என்று தன் உயிரை அவன் கையில் வைக்கிறாள். அவன் கரைக்குக் கொண்டுவருகிறான். கொலைக்குப் பிறகு முதல்முறையாக இருவருக்கும் இடையில் பயம் இல்லை. பிறகுதான் கார்.

சிறையில் ஃபிராங்கை வதைப்பது நிக்கைக் கொன்றதும் அல்ல, தீர்ப்பும் அல்ல. பக்கத்து அறைக் கைதி ஒருவன், தன் தம்பியைக் கொன்றது தானல்ல, தன் ஆழ்மனம்தான் என்கிறான். ஃபிராங்குக்கு அது திகிலாக இருக்கிறது. அப்படியானால் தன் ஆழ்மனமும் கோராவைக் கொல்ல நினைத்திருக்குமா? அதைவிட மோசமாக, கார் மோதிய அந்தக் கண நேரத்தில் அவள் அப்படி நினைத்திருப்பாளா? அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இனி வழியில்லை. முடிவில் வாசிக்கும் நம்மிடம் அவன் வேண்டிக்கொள்ளச் சொல்வது உயிரையோ விடுதலையையோ அல்ல, அவள் இருக்கும் இடத்தில் தானும் இருக்க வேண்டும் என்பதைத்தான். நெடுஞ்சாலை சொன்ன கையைப் போலவே இவனுக்கும் இறக்கிவைக்க இடமில்லை, ஆனால் இவன் தேடும் ஆள் யாரென்று இவனுக்குத் தெரியும். கெய்ன் முதலில் இது காதல் கதை என்று சொன்னதை நான் முழுக்க நம்புவது இந்தப் பக்கங்களால்தான். கரிசல்மண், உங்கள் தெரேஸும் லொரானும் விஷம் குடிக்கும்போது ஒருவரை ஒருவர் அணைத்துக்கொள்கிறார்களே, அதை நீங்கள் காதலாக வாசித்தீர்களா, களைப்பாக வாசித்தீர்களா?

கரிசல்மண்:

களைப்பாக. அழுதுகொண்டேதான் அணைக்கிறார்கள், நன்றியோடுதான் குடிக்கிறார்கள். ஆனால் அந்தக் கண்ணீர் தங்களுக்காக. ஃபிராங்க் ஒரு ஆளைத் தேடுகிறான், இவர்கள் ஓய்வைத் தேடுகிறார்கள். அந்த வேறுபாட்டை இந்த இழைக்கு முன்பு நான் யோசித்ததில்லை. இன்றிரவே 'போஸ்ட்மேன்' கடைசி அத்தியாயத்தைத் திரும்ப எடுக்கிறேன்.